ரெட் டாட் பொருத்திய பிஸ்டல், செட்டிநாட்டு வெயில், ஐப்பசி ஈரம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர், பொன்னமராவதிப் பக்கங்களில் உரிமத்தோடு பிஸ்டல் வைத்திருப்பவர்களும், மதுரைக்கோ திருச்சிக்கோ போய் ரைஃபிள் கிளப்பில் சுட்டுப் பழகுபவர்களும் ரெட் டாட், அதாவது குறிபார்க்கச் சிவப்புப் புள்ளி காட்டும் சிறு கண்ணாடிக் கருவி (ஆப்டிக்), பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன். இந்த விஷயத்தில் எளிதில் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பாலானவை ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் தோட்டா செலவழிக்கும் அமெரிக்கர்களுக்காக எழுதப்பட்டவை. நம் ஊர் உரிமதாரர் உரிமத்தில் குறித்த எண்ணிக்கைக்கு மேல் தோட்டா வாங்க முடியாது. அவருடைய பிஸ்டல் வருடத்தின் பெரும்பகுதி பெட்டிக்குள்தான் இருக்கும். ஆகவே இங்கே ரெட் டாட் சுட்டுச் சுட்டுத் தேய்வதைவிட, சும்மா கிடந்து கெடுவதே அதிகம். கீழுள்ள விடைகள் எல்லாம் அந்தக் கண்ணோட்டத்தில் எழுதப்பட்டவை.

துடைப்பதோ, திருகைத் தொடுவதோ, பேட்டரி மாற்றுவதோ, எந்த வேலையானாலும் முதலில் மேகசினை (தோட்டா அடுக்கும் கூடு) கழற்றி, ஸ்லைடை (பிஸ்டலின் மேல் முன்பின் ஓடும் உலோகப் பகுதி) பின்னுக்கு இழுத்து நிறுத்தி, தோட்டா அமரும் துப்பாக்கியறை காலி என்பதைக் கண்ணாலும் விரலாலும் பார்த்துக்கொள்ளுங்கள். தோட்டாக்கள் அந்த மேசையில் மட்டுமல்ல, அந்த அறையிலேயே இருக்கக் கூடாது. இதைக் கீழே ஒவ்வொரு விடையிலும் திரும்ப எழுதவில்லை.

ரெட் டாட் பொருத்தினால் பிஸ்டலின் நம்பகத்தன்மை குறையுமா?

குறையத்தான் செய்யும் என்று சொல்வதே நேர்மை. இரும்புக் குறிமுள்ளில் பேட்டரி இல்லை, கண்ணாடி இல்லை, மின்சுற்று இல்லை. ரெட் டாட்டில் இவை மூன்றும் உண்டு. கேள்வி எவ்வளவு குறையும் என்பதுதான்; தரமான ஆப்டிக்கும் ஒழுங்கான பொருத்தலும் இருந்தால் அந்தக் குறைவு மிகச் சிறியது.

உள்ளே நடப்பது எளிய விஷயம். பின்புறம் தாழ்வாக இருக்கும் ஒரு சிறிய எல்.இ.டி. விளக்கு முன்கண்ணாடியின் மேல் சிவப்பு ஒளியைப் பாய்ச்சுகிறது. அந்தக் கண்ணாடியில் பூசியிருக்கும் மெல்லிய பூச்சு, சிவப்பு நிற அலைநீளத்தை மட்டும் உங்கள் கண்ணுக்குத் திருப்பி அனுப்பிவிட்டு மற்ற ஒளியைக் கடக்க விடுகிறது. அதனால்தான் இலக்கின் மேல் ஒரு புள்ளி மிதப்பதுபோல் தெரிகிறது. இலக்கின் மேல் எந்த ஒளிக்கற்றையும் விழுவதில்லை. லேசர் வேறு, இது வேறு. சுவீடனின் எயிம்பாயின்ட் நிறுவனம் 1975-இல் இத்தகைய மின்னணுக் காட்டியை முதன்முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. பிஸ்டலின் ஸ்லைடு மேலேயே பொருத்தும் பழக்கம் பரவலானது இந்த நூற்றாண்டில்தான். 2015-இல் குளோக் நிறுவனம் ஆலையிலேயே அதற்கான இடம் வெட்டிய எம்.ஓ.எஸ். வகைகளை வெளியிட்டது.

சிரமமெல்லாம் அந்த ஸ்லைடில்தான் இருக்கிறது. ரைஃபிளின் மேல் உட்காரும் ஆப்டிக், உதைப்பை ஒரே திசையில் துப்பாக்கியோடு சேர்ந்து வாங்கிக்கொள்ளும். பிஸ்டல் ஸ்லைடின் மேல் இருப்பதோ ஒவ்வொரு குண்டுக்கும் பின்னால் பாய்ந்து, முட்டி நின்று, திரும்ப முன்னால் பாய்ந்து, மறுபடி முட்டுகிறது. ஏறத்தாழ 34 கிராம் எடையுள்ள ஒரு மின்னணுக் கருவியை இப்படி அடிக்கும்போது முதலில் விட்டுக்கொடுப்பவை திருகுகள், அடுத்து பேட்டரித் தொடர்பு, அதன் பிறகுதான் மின்சுற்று. கண்ணாடி உடைவது எல்லோரும் பயப்படும் அளவுக்கு நடப்பதில்லை.

திருகுகள் தளர்வதை எப்படித் தடுப்பது?

இந்த ஒரு கேள்வியை ஒழுங்காகக் கவனித்தாலே பாதிப் புகார்கள் மறைந்துவிடும் என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

ஆப்டிக்கை இறுக்கிப் பிடிப்பவை இரண்டே சிறு திருகுகள். அவற்றின் வேலை ஆப்டிக்கைக் கீழ்நோக்கி அழுத்தி வைப்பது மட்டுமே. முன்பின் அடியைத் தாங்க வேண்டியவை ஸ்லைடிலோ பிளேட்டிலோ (ஸ்லைடுக்கும் ஆப்டிக்கிற்கும் நடுவே வைக்கும் தகடு) இருக்கும் குமிழ்களும், ஆப்டிக் அமரும் பள்ளத்தின் விளிம்பும் ஆகும். அந்தப் பொருத்தம் தொளதொளவென்று இருந்தால் அடி முழுவதும் திருகின் கழுத்துக்குப் போகும். பிறகு நீங்கள் எவ்வளவு இறுக்கினாலும் ஒருநாள் அது தளரும் அல்லது முறியும். ஆகவே திருகு இல்லாமல் ஆப்டிக்கை வெறுமனே பள்ளத்தில் உட்காரவைத்து, விரலால் முன்பின் அசைத்துப் பாருங்கள். உணரக்கூடிய ஆட்டம் இருந்தால் பிளேட்டை மாற்றுவதைப் பற்றி யோசியுங்கள்.

பொருத்துவதற்கு முன் திருகையும், திருகு ஏறும் துளையையும் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக்குச்சியால் துடைத்து முழுமையாக உலர விட வேண்டும். ஆலையிலிருந்து வரும் துளைகளில் எண்ணெய் கட்டாயம் இருக்கும். அதன் பிறகு நீல நிறத் திருகுப் பசையை, லாக்டைட் 243 போன்ற நடுத்தர வகையை, திருகின் மரையில் ஒரு சிறு துளி மட்டும் தொட்டு வையுங்கள். துளி பெரிதானால் அது கீழே வழிந்து, சுட்ட தோட்டாவின் காலிக்கூட்டை இழுத்தெடுக்கும் கொக்கியான எக்ஸ்ட்ராக்டரின் பகுதிக்குள் இறங்கிக் காயும். அப்புறம் காலிக்கூடு வெளியே வராததற்குத் தோட்டாவைக் குறை சொல்லிக்கொண்டிருப்போம். சிவப்பு வகை வேண்டவே வேண்டாம். அதைக் கழற்றச் சுமார் 250 டிகிரி செல்சியஸ் சூடு தேவைப்படும். அந்தச் சூட்டில் ஆப்டிக் பிழைக்காது. சில திருகுகள் ஆலையிலேயே பூச்சோடு வரும். அவற்றுக்கு மேலும் பசை தேவையில்லை. ஆனால் ஒருமுறை கழற்றினால் அந்தப் பூச்சின் பிடிப்புப் போய்விடும்.

இறுக்கும் அளவு பெரும்பாலான தயாரிப்பாளர்களின் கையேட்டில் 12 முதல் 15 இன்ச்-பவுண்டு, அதாவது 1.4 முதல் 1.7 நியூட்டன் மீட்டர் வரை இருக்கும். உங்கள் ஆப்டிக்கின் கையேட்டில் என்ன இருக்கிறதோ அதுவே முடிவு. இது எவ்வளவு குறைவான விசை என்பது, இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சைக் கையில் பிடித்துப் பார்க்காதவர்களுக்குத் தெரியாது. பைக்கின் நட்டை முறுக்கிய கையால் ஆலன் கீயைப் பிடித்தால், மரை போகும் வரை நமக்கு நிறைவு வராது. ஆகவே சிறிய அளவுகளுக்கான டார்க் ஸ்க்ரூடிரைவர் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள், அல்லது வைத்திருக்கும் நண்பரிடம் கேட்டு வாங்குங்கள். இரண்டு திருகுகளையும் மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக இறுக்கிய பிறகு, பசை முழுமையாக இறுக 24 மணி நேரம் பிஸ்டலைத் தொடாமல் வையுங்கள். சனிக்கிழமை மாலை பொருத்தி ஞாயிறு காலை ரேஞ்சுக்குக் கிளம்புவதற்கு அந்த நேரம் போதாது.

கடைசியாக, திருகின் தலையிலிருந்து ஆப்டிக்கின் உடல்மேல் நீளும்படி வெள்ளை பெயின்ட் பேனாவால் ஒரே நேர்கோடு போடுங்கள். பிறகு ஒருநாள் பார்க்கும்போது கோடு தலையில் ஒரு பக்கமும் உடலில் ஒரு பக்கமுமாக விலகியிருந்தால் திருகு நகர்ந்திருக்கிறது என்று பொருள். நகர்ந்திருந்தால் அப்படியே மீண்டும் முறுக்கி விடாதீர்கள். உடைந்த பசை பிடிக்காது. கழற்றி, துடைத்து, முதலிலிருந்து செய்ய வேண்டும்.

திருகின் நீளம் முக்கியமா? கிடைத்த திருகைப் போட்டால் என்ன?

மிக முக்கியம். குட்டையாக இருந்தால் இரண்டு மூன்று மரை மட்டுமே பிடிக்கும், விரைவில் உருவிக்கொள்ளும். நீளமாக இருந்தால் அதைவிட மோசம்: சில பிஸ்டல்களில், குறிப்பாக குளோக் வகை ஸ்லைடுகளில், ஒரு பக்கத் திருகுத் துளைக்கு நேர் கீழேதான் எக்ஸ்ட்ராக்டரை அழுத்தும் ஊசியின் வழி இருக்கிறது. நீளத் திருகு அந்த ஊசியை முட்டி நிறுத்தும். பிஸ்டல் பார்வைக்கு நன்றாகவே இருக்கும், ஆனால் காலிக்கூடு அறையிலேயே மாட்டிக்கொள்ளும். ஆப்டிக் பொருத்திய பிறகுதான் சிக்கல் தொடங்கியது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். பிளேட்டோடு வந்த திருகை அந்தப் பிளேட்டுக்கு மட்டும் பயன்படுத்துங்கள்.

பிளேட் வழியாகப் பொருத்துவது நல்லதா, ஸ்லைடை நேரடியாக வெட்டுவது நல்லதா?

பொறியியல் நோக்கில் நேரடி வெட்டே உறுதி. பிளேட் என்றால் ஸ்லைடுக்கும் பிளேட்டுக்கும் ஓர் இணைப்பு, பிளேட்டுக்கும் ஆப்டிக்கிற்கும் இன்னோர் இணைப்பு; தளர்வதற்கு இரண்டு இடங்கள். எஃகுப் பிளேட் அலுமினியப் பிளேட்டைவிட மரையை நன்றாகத் தாங்கும்.

ஆனால் நம் நாட்டில் இது பொறியியல் கேள்வி மட்டும் அல்ல. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவுப்படி துப்பாக்கியைத் தயாரிப்பது, விற்பது, மாற்றுவது, பழுதுபார்ப்பது ஆகிய எல்லாவற்றுக்கும் தொழில்முறை உரிமம் வேண்டும். காரைக்குடியிலும் புதுக்கோட்டையிலும் அருமையான சி.என்.சி. பட்டறைகள் இருக்கலாம், இஞ்சினியர் நமக்குச் சொந்தக்காரராகவும் இருக்கலாம். உரிமம் பெற்ற துப்பாக்கிப் பழுதுபார்ப்பாளர் அல்லாத ஒருவரிடம் ஸ்லைடைக் கொடுத்து வெட்டச் சொல்வது இருவருக்குமே வழக்கைத் தேடித் தரும். வரிசை எண் பொறித்த இடத்தை எக்காரணம் கொண்டும் தொடக் கூடாது. ஆலையிலேயே வெட்டி வந்த பிஸ்டலுக்குப் பிளேட் போட்டுப் பயன்படுத்துவதே பெரும்பாலானோருக்குப் பொருத்தமான வழி.

ஐயா காலத்து .32 ரிவால்வருக்கு ரெட் டாட் போடலாமா?

வேண்டாம். பர்மாவிலிருந்தோ மலாயாவிலிருந்தோ வந்த பழைய வெப்ளி ரிவால்வரின் மேல் துளை போடுவது சட்டத்துக்கும் ஆகாது, அதன் மதிப்புக்கும் ஆகாது. இஷாப்பூர் ரைஃபிள் தொழிற்சாலையின் .32 பிஸ்டல்களுக்கும் இதே விடைதான்.

பேட்டரியை எப்போது மாற்ற வேண்டும்?

பெட்டியில் "50,000 மணி நேரம்" என்று அச்சிட்டிருப்பதை யாரும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தக் கணக்கு நடுத்தர ஒளி அளவில் போட்டது. நம் பங்குனி வெயிலில் புள்ளி தெரிய வேண்டுமானால் ஒளியைக் கூட்டியே ஆக வேண்டும், கூட்டினால் ஆயுள் பல மடங்கு குறையும். பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும் ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுவதே முறை. நாள் மறக்காமலிருக்கப் போகி அன்று மாற்றுவது வசதி. பழையன கழிதல் என்ற கணக்கில் அதுவும் சேர்ந்துவிடும். பழைய பேட்டரியை மட்டும் போகித் தீயில் போடாதீர்கள், லித்தியம் வெடிக்கும்.

பெரும்பாலான ஆப்டிக்குகள் சி.ஆர். 2032 அல்லது சி.ஆர். 1632 நாணய பேட்டரியைப் பயன்படுத்துகின்றன. இரண்டும் 3 வோல்ட் என்றாலும், 2032 ஏறத்தாழ 220 மில்லி ஆம்பியர் மணி தாங்கும், 1632 அதில் பாதியைச் சற்றே தாண்டும். பெயரிலேயே அளவு இருக்கிறது: முதல் இரண்டு எண்கள் விட்டம், அடுத்த இரண்டு எண்கள் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக் கணக்கில் தடிமன். தடிமன் மாறினால் தொடர்புத் தகடு எட்டாது. ஆகவே "கிட்டத்தட்ட அதே அளவு" என்று கடைக்காரர் எடுத்துக் கொடுப்பதை வாங்காதீர்கள். சில நிறுவனங்கள் குழந்தைகள் விழுங்காமலிருக்கப் பேட்டரியின் மேல் கசப்புப் பூச்சு பூசுகின்றன. நல்ல எண்ணம்தான், ஆனால் அந்தப் பூச்சு சில ஆப்டிக்குகளில் மின் தொடர்பைத் தடுக்கும். புதுப் பேட்டரி போட்டும் புள்ளி வரவில்லை என்றால் ஆல்கஹால் தொட்ட துணியால் பேட்டரியின் முகத்தைத் துடைத்துப் பாருங்கள். குழந்தைகள் உள்ள வீட்டில் கழற்றிய பேட்டரியை மேசையில் விட்டு எழுந்து போகாதீர்கள். விழுங்கினால் சில மணி நேரத்தில் உணவுக்குழாய் வெந்துவிடும்.

பேட்டரி எங்கே இருக்கிறது என்பதை வாங்குமுன் பாருங்கள். டிரிஜிகான் ஆர்.எம்.ஆர். போன்றவற்றில் அது அடிப்புறத்தில் இருப்பதால், மாற்ற ஆப்டிக்கையே கழற்ற வேண்டும். பசை, டார்க், 24 மணி நேரம், குறி சரிபார்ப்பு எல்லாம் மறுபடியும் முதலிலிருந்து. பக்கவாட்டிலோ மேலேயோ திறக்கும் வகைகளில் இந்தத் தொல்லை இல்லை. அடிக்கடி ரேஞ்சுக்குப் போக வாய்ப்பில்லாத நம்மவர்களுக்கு இந்த ஒரு வசதிக்காகவே கூடுதல் விலை கொடுக்கலாம்.

சுடும்போது மட்டும் புள்ளி அணைந்து அணைந்து எரிந்தால் பேட்டரி தீர்ந்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். உதைப்பில் பேட்டரி கணநேரம் தகட்டைவிட்டு விலகுவதால் ஏற்படும் நோய் அது. ஆர்.எம்.ஆரின் முதல் வடிவத்தில் இது பலர் சொன்ன குறை. 2017-இல் வந்த டைப் 2 வடிவத்தில் தொடர்புத் தகட்டை மாற்றினார்கள்.

தேர்தல் வந்தால் பிஸ்டலை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டியிருக்கிறது. ஆப்டிக்கை என்ன செய்வது?

இதற்கு எந்த வெளிநாட்டுக் கையேட்டிலும் விடை கிடைக்காது. 2024 மக்களவைத் தேர்தலின்போது நடத்தை விதிகள் மார்ச் 16 முதல் ஜூன் 6 வரை நடப்பில் இருந்தன. விலக்குப் பெறாதவர்களின் துப்பாக்கிகள் ஆண்டின் மிகக் கொடிய வெயில் காலத்தில், அக்னி நட்சத்திரம் உட்பட, காவல் நிலைய அறையில் இருந்தன. அந்த அறையின் வெப்பமும் தூசியும் நம் கையில் இல்லை.

ஒப்படைக்கும் முன் பேட்டரியைக் கழற்றி வீட்டில் வையுங்கள். நாணய பேட்டரிகள் 60 டிகிரிக்கு மேல் போகக் கூடாதவை. சூட்டில் தானாகவே வேகமாக இறங்கும், சில நேரம் கசியும். கசிந்த பேட்டரி தொடர்புத் தகட்டை அரித்துவிட்டால் ஆப்டிக் குப்பைக்குத்தான். பேட்டரி அறையின் மூடியைத் திரும்ப மூட மறக்காதீர்கள். அடுத்து, ரசீதில் பிஸ்டலின் எண்ணோடு "ஆப்டிக் பொருத்தப்பட்டது" என்றும் அதன் வரிசை எண்ணும் இடம்பெறக் கேளுங்கள். எழுதுபவர் கொஞ்சம் சலித்துக்கொள்வார்; பரவாயில்லை. கழற்றி வீட்டில் வைத்துக்கொள்ளலாமே என்று கேட்பவர்கள் உண்டு. பக்கவாட்டில் பேட்டரி உள்ள வகையென்றால் கழற்றாமல் விடுவதே மேல். கழற்றினால் குறி மாறும், மறுபடி குறி சரிசெய்யத் தோட்டா செலவாகும்.

திரும்பப் பெற்றதும் லென்ஸ் மூலைகள், திருகின் வெள்ளைக் கோடு, பேட்டரி அறை ஆகியவற்றைப் பார்த்துவிட்டுப் பேட்டரியைப் போடுங்கள். முதல் ரேஞ்சுப் பயணத்தில் சில தோட்டாக்களைக் குறி சரிபார்க்கவே ஒதுக்கி வையுங்கள்.

ஆயுத பூஜையன்று வீட்டில் ஆச்சி பிஸ்டலுக்கும் சந்தனம், குங்குமம் வைக்கிறார்கள். ஆப்டிக்கிற்கு ஏதும் ஆகுமா?

ஆகும். குங்குமப் பொடி எல்.இ.டி. இருக்கும் குழிக்குள் விழுந்தால் புள்ளியைச் சுற்றிச் சிதறிய பொறிகள் தெரியும். விபூதி லென்ஸின் பூச்சைக் கீறும். காய்ந்த சந்தனம் மூலையிலிருந்து எளிதில் வராது. பூஜையை நிறுத்தச் சொல்லவில்லை. பிஸ்டலைப் பெட்டிக்குள் மூடிவைத்து, பொட்டைப் பெட்டியின் மேல் வைக்கச் சொல்லுங்கள். ஆச்சி ஒப்புக்கொள்வார்கள், தோட்டா அந்தப் பக்கமே இல்லை என்று சொன்னால் இன்னும் சந்தோஷமாக ஒப்புக்கொள்வார்கள்.

லென்ஸை எப்படித் துடைப்பது?

முதலில் ஊதுங்கள், பிறகு தூரிகை, கடைசியில்தான் துணி. செட்டிநாட்டுச் செம்மண் தூசியில் நுண்ணிய மணல் கலந்திருப்பதால், ஊதாமல் துணியை வைத்துத் தேய்த்தால் ஒவ்வொரு முறையும் கண்ணாடிப் பூச்சில் நுண்கீறல் விழும். கேமராக்காரர்கள் வைத்திருக்கும் ரப்பர் ஊதுகுழல் மலிவானது. வாயால் ஊதினால் எச்சில் சேரும். ஊதிய பிறகு மென்மையான தூரிகையால் மூலைகளை வருடி, லென்ஸுக்கான திரவத்தைத் துணியில் தொட்டு, நடுவிலிருந்து விளிம்புக்குச் சுற்றித் துடையுங்கள். வேட்டி நுனி ஆகாது. அமோனியா கலந்த ஜன்னல் கண்ணாடித் திரவமும் அசிட்டோனும் கூடவே கூடாது.

சுட்டபின் முன்கண்ணாடியில் படியும் கரிப்புகையை அன்றே துடைத்தால் எளிதில் வரும். ஒரு மாதம் விட்டால் ஒட்டிக்கொள்ளும். எல்.இ.டி. குழியை மட்டும் பஞ்சுக்குச்சியால் அழுத்தாமல் தொட்டு எடுக்க வேண்டும். பிஸ்டலுக்கு எண்ணெய் தெளிக்கும்போது ஆப்டிக் பக்கம் ஸ்ப்ரேயை நீட்டாதீர்கள். ஒரு துளி எண்ணெய் அந்தக் குழியில் விழுந்தாலே புள்ளி மத்தாப்பூப்போல் விரியும். எயிம்பாயின்ட் ஆக்ரோ போல் முன்னும் பின்னும் கண்ணாடியால் மூடிய வகைகளில் இந்தக் கவலை இல்லை. தூசி நிறைந்த நம் பகுதிக்கு மூடிய வகையே ஏற்றது என்பது என் கருத்து. எடையும் விலையும் கூடுதல் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

வீட்டில் எங்கே வைப்பது? பழைய இரும்புப் பெட்டகம் போதுமா?

திருட்டுக்கு அது போதும், ஈரத்துக்குப் போதாது. நம் வீடுகளின் தடித்த சுவரும் சுண்ணாம்புப் பூச்சும் கோடையில் உள்ளறையைக் குளிர்ச்சியாக வைக்கும், அது ஆப்டிக்கிற்கு நல்லது. அதே அறையை ஐப்பசி, கார்த்திகை மழையில் பூட்டியே வைத்தால் காற்றோட்டம் இல்லாமல் ஈரம் தேங்கும். இரும்புப் பெட்டகத்தின் உட்சுவரில் விரலை வைத்தாலே அது தெரியும்.

நிறம் மாறும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் பிஸ்டல் பெட்டிக்குள் போட்டு, நிறம் மாறியதும் குறைந்த சூட்டில் உலர்த்தி மீண்டும் பயன்படுத்துங்கள். தோலுறைக்குள் வைத்துப் பூட்டுவதுபோன்ற தவறு வேறில்லை. பதப்படுத்திய தோல் ஈரத்தை இழுத்து உலோகத்தின்மேலேயே வைத்திருக்கும். பட்டுப் புடவைகளுக்குப் போடும் அந்துருண்டை இருக்கும் அதே பெட்டகத்திலும் வைக்க வேண்டாம். அதன் ஆவி சில பிளாஸ்டிக்குகளை இளக்கும், கண்ணாடியிலும் மெல்லிய படலமாகப் படியும்.

வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருந்துகொண்டு திருவிழாவுக்கும் படைப்புக்கும் மட்டும் ஊருக்கு வருபவர்கள், பூட்டிய வீட்டில் துப்பாக்கியை விட்டுச் செல்லக் கூடாது. உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடம் பாதுகாப்பில் ஒப்படைத்து ரசீது பெறுங்கள். அப்போதும் பேட்டரியைக் கழற்றியே கொடுங்கள்.

காரில் வைத்துக்கொண்டு போனால்?

வெயிலில் நிறுத்திய காருக்குள் வெப்பம் 60 டிகிரியை எளிதாகத் தாண்டும். பேட்டரிக்கும், லென்ஸை ஒட்டியிருக்கும் பசைக்கும் அது எதிரி. ஆளில்லாத காரில் துப்பாக்கியை விட்டுச் செல்வது அதற்கும் முன்னாலேயே தவறு.

பிஸ்டலுக்கு என்ன எண்ணெய் போடுவது? தேங்காய் எண்ணெய் பழக்கம் வீட்டில் இருக்கிறது.

துப்பாக்கிக்கென்று விற்கும் எண்ணெயே போடுங்கள். தேங்காய் எண்ணெய் மார்கழிக் குளிரில் உறையும், நாள்பட்டால் சிக்குப்பிடிக்கும். நல்லெண்ணெய் பிசினாகவே மாறும். மண்ணெண்ணெயால் கழுவும் பழக்கமும் பழைய வீடுகளில் உண்டு. அது அழுக்கை எடுக்கும், பாதுகாப்பு எதையும் தராது, கழுவி அப்படியே வைத்தால் துரு வரும்.

அளவு குறைவாக இருக்கட்டும். செம்மண் தூசியும் எண்ணெயும் சேர்ந்தால் உப்புத்தாள்போல் ஸ்லைடின் தடங்களைத் தேய்க்கும். தொட்ட கையின் வியர்வையைத் துடைத்துவிட்டு வைப்பது எண்ணெயைவிட முக்கியம்.

ஆப்டிக் போட்ட பிறகு காலிக்கூடு சரியாக வெளியேறவில்லை. ஏன்?

திருகின் நீளத்தை மேலே சொல்லிவிட்டேன். அது சரியாக இருந்தால் அடுத்தது எடை. பூட்டு இல்லாமல் ஸ்லைடின் எடையையும் ஸ்பிரிங்கையும் மட்டுமே நம்பி இயங்கும் .22, .32 பிஸ்டல்களில், மேலே எடை கூடினால் ஸ்லைடின் வேகம் குறையும். தோட்டாவும் பழையதாக, பலம் குன்றியதாக இருந்தால் ஸ்லைடு முழுத் தூரம் பின்னால் போகாது. ஸ்பிரிங்கை மாற்றும் முன் புதுத் தோட்டா போட்டுப் பாருங்கள்; பிடி தளர்வாக இருக்கிறதா என்றும் பாருங்கள். அதன் பிறகும் தொல்லை இருந்தால் உரிமம் பெற்ற பழுதுபார்ப்பாளரிடம் போங்கள்.

கூடு வெளியேறி லென்ஸில் மோதித் திரும்பினால் எக்ஸ்ட்ராக்டரோ, கூட்டை வெளியே தட்டிவிடும் எஜெக்டரோ தேய்ந்திருக்கலாம். லென்ஸ் சட்டத்தின் வலப்பக்கப் பித்தளைக் கறை அதற்கான சாட்சி.

குறி மாறிவிட்டதா என்று தோட்டா செலவழிக்காமல் தெரிந்துகொள்ள முடியுமா?

உயரமான இரும்புக் குறிமுள்ளும் பிஸ்டலில் இருந்தால் முடியும். ஆப்டிக் முதலில் குறி சரிசெய்யப்பட்ட அன்று, குறிமுள்ளை வழக்கம்போல் நேர்படுத்திப் பிடித்து, புள்ளி எங்கே நிற்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் முன்முள்ளின் தலைக்கு மேல் நிற்கும். பிறகு எப்போது பார்த்தாலும் அதே இடத்தில் நிற்க வேண்டும். அரை முள் அகலம் விலகியிருந்தாலும் ஏதோ நகர்ந்திருக்கிறது.

ரேஞ்சில் திருத்தும்போது கணக்கு இப்படி: ஒரு எம்.ஓ.ஏ. (டிகிரியில் அறுபதில் ஒரு பங்குக் கோணம்) என்பது 25 மீட்டரில் 7.3 மில்லிமீட்டர், 10 மீட்டரில் 2.9 மில்லிமீட்டர். திருத்தும் திருகின் ஒரு கிளிக் ஒரு எம்.ஓ.ஏ. என்றால், 25 மீட்டரில் குண்டுகள் 3 சென்டிமீட்டர் இடப்பக்கம் விழுந்தால் வலப்பக்கம் நான்கு கிளிக். ஒரே குண்டைப் பார்த்துத் திருகாதீர்கள். ஐந்து குண்டுத் தொகுதியின் நடுவைப் பாருங்கள். தொகுதியே சிதறிக் கிடந்தால் பிரச்சினை ஆப்டிக்கில் இல்லாமல் விரலில் இருக்கலாம்.

புள்ளி வட்டமாகத் தெரியாமல் காற்புள்ளிபோல் இழுபட்டுத் தெரிகிறது. ஆப்டிக் பழுதா?

மொபைல் கேமராவை லென்ஸுக்குப் பின்னால் வைத்துப் படம் எடுங்கள். படத்தில் புள்ளி வட்டமாக இருந்தால் ஆப்டிக் சரி, கண்ணில் சிதறல் பார்வை (அஸ்டிக்மாட்டிசம்) இருக்கிறது. கண் மருத்துவரிடம் போங்கள்.

தானியங்கி ஒளி அளவு நம்பத்தக்கதா?

நம் ரேஞ்சுகளில் நம்ப வேண்டாம். சுடுபவர் தகரக் கூரை நிழலில் நிற்கிறார், இலக்கு சுட்டெரிக்கும் வெயிலில் மண்மேட்டின் முன் நிற்கிறது. ஆப்டிக்கின் உணரி நிழலை அளந்து ஒளியைக் குறைக்கிறது. புள்ளி வெளிச்சத்தில் கரைந்துபோகிறது. கையால் அளவை வைத்துப் பூட்டும் வசதி உள்ளதாகப் பாருங்கள்.

.22 பிஸ்டலுக்கும் ஏர் பிஸ்டலுக்கும் இதே பராமரிப்புதானா?

பெரும்பாலும். ரூகர் மார்க் 4 போன்ற .22 பிஸ்டல்களில் உள்ளே போல்ட் மட்டுமே ஓடும், ஆப்டிக் அசையாத உடல்மேல் உட்காரும். அதனால் ஆப்டிக்கின் ஆயுள் கூடும். ஆனால் .22 தோட்டாவின் ஈயமும் மெழுகும் லென்ஸில் அதிகம் படியும். ஸ்பிரிங் வகை ஏர் பிஸ்டலில் பிஸ்டன் முன்னால் முட்டும்போது எதிர்த்திசையிலும் ஓர் அதிர்ச்சி உண்டு. காற்றுத் துப்பாக்கிதானே என்று மலிவான ஆப்டிக்கைப் போட்டால் சீக்கிரம் புள்ளி அணையும்.

போட்டிகளில் ரெட் டாட் அனுமதி உண்டா?

ஐ.எஸ்.எஸ்.எஃப். (சர்வதேசத் துப்பாக்கி சுடுதல் கூட்டமைப்பு) விதிப்படி நடக்கும் 10 மீட்டர், 25 மீட்டர், 50 மீட்டர் பிஸ்டல் போட்டிகளில் இல்லை. திறந்த குறிமுள் மட்டுமே. ஐ.பி.எஸ்.சி. (இடம் மாறி மாறி விரைந்து சுடும் போட்டிகளுக்கான சர்வதேச அமைப்பு) முறையில் ஆப்டிக்கிற்கெனத் தனிப் பிரிவுகள் உண்டு. ஒலிம்பிக் வகைப் போட்டியைக் குறிவைக்கும் பிள்ளைக்கு ரெட் டாட் வாங்கித் தந்து பழக்காதீர்கள்.

கண்ணாடியில் விரிசல் விழுந்துவிட்டது. புள்ளி இன்னும் தெரிகிறது. தொடர்ந்து பயன்படுத்தலாமா?

புள்ளி தெரியும் வரை அன்றைய பயிற்சியை முடிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். சுடும்போது விரிசல் விட்ட துண்டு முகத்தை நோக்கியே வரும் என்பதால் நான் அதை ஏற்கவில்லை. பாதுகாப்புக் கண்ணாடி போட்டிருந்தாலும் அங்கேயே நிறுத்திவிட்டு, ஆப்டிக்கைக் கழற்றி, வெற்றுப் பள்ளத்துக்கு மூடித் தகட்டைப் போட்டு, இரும்புக் குறிமுள்ளோடு பயன்படுத்துங்கள். அந்த மூடித் தகட்டையும் அதன் குட்டைத் திருகுகளையும் பிஸ்டல் வந்த பெட்டியிலேயே பத்திரமாக வைத்திருங்கள். தனியாகத் தேடினால் கிடைப்பது கடினம்.